ஆகட்டும் என்றால் சரி என்று அர்த்தமில்லை

ஆபரேஷனுக்கு அம்மா சம்மதித்துவிட்டாள் என்பதை ஒரு நர்ஸ் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அம்மாவும் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோம் அது. பெயர் வேண்டாம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மாடியில் ஓர் அறையைப் பலகை வைத்துத் தடுத்து, பெரிய டிவி ஒன்றை வைத்து, அதன் தலையில் ஒரு கேமராவை உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ‘தொலை மருத்துவம்’ என்று போர்டு மாட்டியிருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. டிவி டாக்டர் என்றுதான் சொன்னார்கள். சென்னையில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு டாக்டர் வியாழக்கிழமைதோறும் இங்கே வருகிறவர்களைப் பார்ப்பார். அவர் சொல்வதைக் கேட்டு இங்கே உள்ள டாக்டரம்மா வைத்தியம் செய்வார். சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். அது நல்ல ஏற்பாடு இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

எங்கள் ஊர் வடமதுரைப் பக்கம். தக்காளி, வெண்டை, ஓரத்தில் நாலு பாத்தி கனகாம்பரம். அம்மாவுக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். சரியாக எத்தனை என்று அவளுக்கே தெரியாது. அரை வருடமாகவே அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வெண்டைக்காய் பறிக்கும்போது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

நான் காந்திகிராமத்தில் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். எங்கள் வீட்டில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பள்ளிக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனவே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் அதில் நிம்மதிதான்.

முதல் வியாழக்கிழமை கீழே ஸ்கேன் எடுத்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மாடிக்குப் போனோம். டிவியில் டாக்டரின் முகம் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில் நாங்கள் தெரிந்தோம். எங்கள் முகம் மட்டும், கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. நாம் பேசினால் அது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அதனால் அவர் பேசும்போது நாங்களும், நாங்கள் பேசும்போது அவரும் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, மறுபடி இரண்டு பேரும் தொடங்கினோம். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. பேசுகிற மனிதரின் முகத்தைத்தானே பார்க்க வேண்டும், டிவியைப் பார்த்தாள். கேமரா அதற்கு மேலே இருந்தது. ஆகவே சென்னையில் அவள் தலை குனிந்தபடியே தெரிந்திருப்பாள்.

டாக்டர் அன்பாகத்தான் பேசினார். “எத்தனை நாளா ப்ளீடிங் இருக்கும்மா?”

“இம்புட்டு நாளுன்னு கணக்கு இல்லைங்க. மாசத்துல பாதிக்கு மேல போகுதுங்க.”

எங்களுக்குப் பின்னால் கதவு கிடையாது, திரைச்சீலைதான். டிவியின் சத்தத்தை முழுசாக வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர். அம்மா குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, டாக்டர் “கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா” என்றார். அவள் சத்தமாகச் சொன்னாள். என் அம்மா, எங்களிடமே அரை வருடமாகச் சொல்லாததை, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள். நடுவில் டிவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. டாக்டர் பக்கவாட்டில் திரும்பிப் பதில் சொன்னார். கட்டியின் அளவைப் பற்றிய பேச்சு. அங்கே அவர் மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடைசியில் அவர் சொன்னார்: “கர்ப்பப்பையில கட்டி இருக்கும்மா. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்க, இனிமே அது தேவைப்படப் போறதில்ல. எடுத்துட்டா ஒரேயடியா தொல்லை விட்டுது. எடுத்துடலாமா?”

அம்மா, “ஆகட்டுங்க சார்” என்றாள்.

சொல்லும்போதே கீழே வைத்திருந்த ஒயர் கூடையை எடுத்துவிட்டாள். ஒரு கால் வெளியே போயாயிற்று. இரண்டு பேரும் படியிறங்கினோம். பத்து நாளைக்கு ரத்தம் ஊற மாத்திரை கொடுத்து, முடிந்ததும் வரச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது அம்மா, “வயித்த அறுக்குறதுன்னா என்னமா லேசாச் சொல்லுறாரு அந்த மனுசன்” என்று சிரித்தாள். ஆபரேஷன் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘ஆகட்டும்’ என்பது ஒரு மரியாதை. கல்யாணப் பத்திரிகை வைத்து அழைத்தால் ‘ஆகட்டுங்க’ என்பார்கள். பந்தியில் அவர்களைத் தேடக்கூடாது. பெண் கேட்டு வந்தவர்களிடம் ‘ஆகட்டும், சொல்லி விடுறோம்’ என்று சொன்னால், வந்தவர்கள் செருப்பை மாட்டும்போதே அடுத்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, முகத்துக்கு நேரே மறுத்துப் பேச எனக்கு மனமில்லை, நான் கிளம்புகிறேன் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு சொல். சில சமயம் உண்மையாகவே சரி என்றும் பொருள் உண்டு. எது என்பதை வாயை வைத்துச் சொல்ல முடியாது. சரி என்கிறவர் உட்கார்ந்திருப்பார். ‘என்னைக்கு, எப்படி’ என்று அடுத்த கேள்வி கேட்பார். இல்லை என்கிறவர் கூடையை எடுப்பார். எதிரே ஒரு டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அம்மா எழுந்துகொண்டதைப் பார்த்திருப்பார். கேமராவில் கூடை விழவில்லை.

பத்து நாள் மாத்திரை தீர்ந்ததும் போனோம். முதல் நாள் டிவியைப் போட்டுவிட்ட அதே நர்ஸ் எங்களைப் பார்த்ததும் ஃபைலை எடுத்தார்.

“வாங்கம்மா. வர்ற திங்கக்கிழமை அட்மிட் ஆயிருங்க, செவ்வாய்க்கிழமை காலையில ஆபரேஷன். வீட்டுக்காரரு வந்திருக்காரா?”

“என்ன ஆபரேஷன்?” என்றாள் அம்மா.

“என்ன ஆபரேஷனா? அன்னைக்கே ஓகே சொல்லிட்டுத்தான போனீங்க. சென்னை டாக்டர் எழுதியே அனுப்பிட்டாரு.”

ஃபைலைத் திருப்பி நான் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. நோய் விளக்கப்பட்டது, கர்ப்பப்பையை அகற்ற நோயாளி சம்மதித்தார் என்று ஒரே வரி. அதன் கீழே இன்னொரு தாள், அதுவும் ஆங்கிலம். நோயாளியின் கையெழுத்துக்கு ஓர் இடம், கணவரின் கையெழுத்துக்கு ஓர் இடம், சாட்சிக்கு ஓர் இடம். நான் தாளைப் படித்து முடிப்பதற்குள் நர்ஸ் மசிப் பெட்டியைத் திறந்து அம்மாவின் இடது கையைப் பிடித்திருந்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலையிலிருந்து எத்தனை பேரின் கட்டைவிரலைப் பிடித்திருப்பாரோ, அதே பழக்கம். அம்மாவும் கையைக் கொடுத்துவிட்டாள். ரேஷன் கடையிலும் கூட்டுறவு சங்கத்திலும் கொடுத்துப் பழகிய கை.

நான் மசிப் பெட்டியை மூடினேன். டப்பென்று சத்தம் கேட்டது.

“எங்க அம்மா ஓகே சொல்லல.”

“ஏ பாப்பா, நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். ஆகட்டும்னாங்களா இல்லையா?”

“நீங்க எந்த ஊரு சிஸ்டர்?”

“நெலக்கோட்டை. எதுக்கு?”

“நெலக்கோட்டையில ஆகட்டும்னா என்ன அர்த்தம்?”

பெஞ்சில் இருந்த ஒரு பெரியம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். “நல்லாக் கேட்டா புள்ள! என் மருமவ அம்புட்டுக்கும் ஆகட்டும்பா, ஒண்ணும் செய்ய மாட்டா.”

நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “படிச்ச திமிரு! டாக்டரவிடத் தெரிஞ்சவளா நீயி?”

“ஆமா சிஸ்டர், படிச்ச திமிருதான். ஃபாரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க. இல்ல, நானே சொல்றேன். அந்த ஃபைல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க.”

“ஃபைல் எல்லாம் வெளிய தர்றதில்ல.”

“யாரோட வயித்தப் பத்தின ஃபைல்?”

இப்போது நினைத்தால், அந்த நர்ஸிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம். ஆனால் மூடிய பெட்டியைத் திறக்க விட்டிருக்க மாட்டேன். அந்தச் சென்னை டாக்டரிடம் பேசாமல் விரல் வைப்பதில்லை என்று சொன்னேன். அவர் அடுத்த வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். சரி, வியாழக்கிழமை வருகிறோம், திங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அம்மா பின்னால் வந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்.

“பெரிய டாக்டரு சொல்றாரு. நாம என்னத்தக் கண்டோம்? என் கையெழுத்துத்தான வேணும், நான் நாளைக்குப் போயிப் போட்டுட்டு வாரேன்.”

அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்தாள். “என் வயித்துக்கு நீங்க எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“நானாடி கேக்குறேன்? அவுக ஃபாரத்துல எடம் விட்டிருக்காக.”

“அவுக எடம் விட்டா? உங்க கால்ல முள்ளு எடுத்தப்ப எங்கிட்ட எவனாச்சும் கையெழுத்துக் கேட்டானா?”

அப்பா வாளியைக் கீழே வைத்தார். “இல்ல.”

“அப்ப சும்மா இருங்க.”

அந்த வாரம் முழுவதும் நான் தயாரானேன். கல்லூரி நூலகத்தில் உடலியல் புத்தகம் ஒன்றை எடுத்து, கர்ப்பப்பைக் கட்டி என்றால் என்ன, அதற்கு அறுவையைத் தவிர வேறு வழி உண்டா என்று படித்தேன். நோட்டில் கேள்விகளை எழுதினேன். எழுத எழுத எனக்குள் ஒரு முடிவு உறுதியாகிக்கொண்டே வந்தது: இந்த ஆபரேஷன் நடக்கக் கூடாது. அதை அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை டிவியில் அதே முகம். நான் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, முதலில் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னேன். என் குரல் அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர் புருவத்தைச் சுருக்கினார்.

“ஆனா அவங்கதானே ஆகட்டும்னு சொன்னாங்க?”

“சார், எங்க ஊர்ல அது விடைபெறுற வார்த்தை. வேண்டாம்கிறதுக்கும் அதத்தான் சொல்லுவாங்க.”

அந்த மூச்சு நேரம் கடந்தது. அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “எனக்கு இது தெரியாதும்மா. இதுவரைக்கும் எத்தனை பேரு எங்கிட்ட ஆகட்டும்னு சொல்லியிருக்காங்கன்னு யோசிக்கிறேன்.” அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. ஆனாலும் விடவில்லை.

“உங்க ரூம்ல உங்களத் தவிர யாரு சார் இருக்காங்க?”

“ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்க. கத்துக்க வந்தவங்க.”

“அம்மாவுக்குக் காட்டுங்க சார்.”

அவர் கேமராவைத் திருப்பினார். ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். ஒருவர் கையில் டீ டம்ளர். எல்லோருக்கும் என் வயதுதான் இருக்கும்.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். “இம்புட்டுப் பேருமா? அன்னைக்கும் இருந்தாகளா?”

“இருந்தாங்கம்மா” என்றார் டாக்டர்.

“நான் பேசுனத எங்கயாச்சும் பிடிச்சு வெச்சிருக்கீகளா, கல்யாண வீடியோ மாதிரி?”

இந்தக் கேள்வி என் நோட்டில் இல்லை. பாடம் நடத்துவதற்காகச் சிலவற்றைப் பதிவு செய்வதுண்டு, முதல் நாள் பேச்சும் பதிவாகியிருக்கிறது என்றார் டாக்டர்.

“அத அழிச்சிருங்க. அவுகளையும் வெளிய போகச் சொல்லுங்க.”

ஐந்து பேரும் எழுந்து போனார்கள். டீ டம்ளர்க்காரர் கதவருகில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். பதிவை அழித்துவிடுவதாக டாக்டர் சொன்னார். அழித்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எனக்கு வெற்றி வந்துவிட்ட மாதிரி இருந்தது. நோட்டை மூடிவிட்டு, “சார், எங்க அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம்” என்றேன்.

“யாருடி சொன்னா வேண்டாம்னு?”

திரும்பினேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதானம்மா...”

“நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அவரு ஒண்ணு எழுதி வெச்சாரு, நீ ஒண்ணு எழுதி வெச்சிருக்க. நான் இன்னும் வாயே தொறக்கல.” கூடையை மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். “நீ செத்த வெளிய இரு.”

“நானா?”

“நீயுந்தான். சிஸ்டரம்மா, நீங்களும் வெளிய இருங்க தாயி. அந்த டிவி சத்தத்த மட்டும் கொறைச்சு வெச்சுட்டுப் போங்க.”

நர்ஸ் பதறினார். “நான் இருக்கணும்மா. மெஷினு ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆனா கூப்புடுறேன். அஞ்சடி தூரத்துலதான நிப்பீங்க?”

நானும் நர்ஸும் திரைச்சீலைக்கு வெளியே வந்தோம். எங்களுக்குப் பின்னால் அம்மா திரையை இழுத்துவிட்ட சத்தம் கேட்டது. மூன்று வருடக் கல்லூரிப் படிப்பும் நோட்டு நிறையக் கேள்வியுமாக நான் ஒரு ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. நான் இல்லாவிட்டால் இந்நேரம் விரல் வைத்திருப்பாள். நான்தானே பெட்டியை மூடினேன். என்னையே வெளியே அனுப்புகிறாளே என்று கோபம். அதோடு வெட்கமும் வந்தது. சென்னை டாக்டர் ஒரு வரியில் செய்ததை நான் ஒரு நோட்டு முழுக்கச் செய்திருக்கிறேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நைசாகத் திரைப் பக்கம் நகர்ந்து காதைக் கொடுத்தார்.

“அக்கா, தள்ளி உக்காருங்க” என்றேன்.

“சும்மா காத்துக்கு உக்காந்தேன்ப்பா.”

“காத்து அந்தப் பக்கமும் வருது.”

இதைச் சொன்னது நானில்லை, நர்ஸ். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். நான் மறுபக்கம் நின்றேன். உள்ளே அம்மாவின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது, சொற்கள் புரியவில்லை. ஒரு தடவை சிரித்தாள். டிவி டாக்டர் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்குவார் என்று சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். யாரும் அம்மாவைக் கூப்பிடத் துணியவில்லை.

வெளியே வந்ததும் நர்ஸிடம் சொன்னாள்: “மொதல்ல உள்ளேருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம். அந்த முடிவு வரட்டும். அதுவரைக்கும் மாத்திரை. அப்பறம் நான் சொல்லுவேன். டாக்டரு பழைய வரிய அடிச்சுட்டு இப்ப வேற எழுதி அனுப்புறேன்னாரு. அது வந்ததும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்.” பிறகு என்னிடம், “கூடையக் குடு” என்றாள்.

தாள் வந்தது. சம்மதித்தார் என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. வழிகள் அனைத்தும் விளக்கப்பட்டன, நோயாளி யோசித்துச் சொல்வார் என்று எழுதியிருந்தது. கணவரின் கையெழுத்துக்கான இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டை அம்மா எப்படிப் போட வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் கேட்டேன். “பேசுனேன்” என்றாள். வேறென்ன பேசினாய் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வருடங்கள் பல ஆகிவிட்டன. இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்த இடத்தில் நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். நர்ஸ் நல்லவள், அதையும் எழுது என்றாள், எழுதுகிறேன், நல்லவர்.

“டெஸ்டுல என்ன வந்துச்சு, ஆபரேஷன் பண்ணுனீகளா இல்லையான்னு படிக்கிறவுக கேப்பாகளேம்மா.”

“கேக்கட்டும்.”

“எழுதட்டுமா?”

“வேணாம்” என்றாள்.

எழுதவில்லை.